கழுவிய சீப்பு

அந்தப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் என்றொரு பாடம் புதிதாக வந்திருந்தது. "மண்ணைத் தோண்டவும் ஒரு பட்டமா?" என்று ஆட்சிக்குழுவில் பாதிப் பேர் சிரித்தார்கள். பாடத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய, துணைவேந்தர் மறுநாள் காலை அகழாய்வுக் குழிக்கே வருவதாக இருந்தது.

பேராசிரியர் பிலோமினா எகிப்தில் பயின்றவர். மன்னர்களின் கல்லறைகளை விட்டுவிட்டுப் பானை ஓடுகளை வைத்தே காலம் கணித்தவர்களிடம் பாடம் கேட்டவர். மாணவர் சிவக்கொழுந்து அவரைவிட வயதில் மூத்தவர். தமிழாசிரியர் வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்திருந்தார். பாடம் போனால் அவருக்குப் பட்டமும் இல்லை, பழைய வேலையும் இல்லை.

"எகிப்துல தங்கமா அள்ளினாங்களாமே, நமக்கு மட்டும் ஓட்டாஞ்சல்லியா?" என்று அடிக்கடி கேட்பார்.

அன்று மாலை ஓடிவந்தார். கையில் ஒரு தந்தச் சீப்பு. கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"அம்மா, பொழைச்சோம்! நாளைக்கு இதைக் காட்டினாப் போதும்."

"எந்த மண்ணடுக்குல இருந்துச்சு?"

"குழியோட கிழக்குச் சுவருல."

"சுவரு சரி. அடுக்கு? அதை வச்சுத்தானே காலம் சொல்ல முடியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "பார்த்ததும் கை நிக்கலம்மா. உருவிட்டேன்."

"எங்க இருந்துச்சோ அங்கயே வச்சுக் காட்டுங்க."

சிவக்கொழுந்து குழிக்குள் இறங்கினார். சுவரில் செம்மண், சாம்பல், கருமண் என்று அடுக்கடுக்காக இருந்தது. உருவிய இடத்தை மண் சரிந்து மூடியிருந்தது. சீப்பைச் சாம்பலில் வைத்துப் பார்த்தார். கருமண்ணில் வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் பொருந்தியது. பாவம், மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரெண்டாயிரம் வருஷம்னு சொல்லிட்டா யாருக்கும்மா தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது" என்றார் பேராசிரியர். "வாங்க, சாப்பாடு ஆறிடும்."

மறுநாள் துணைவேந்தர் வந்தார். அடுக்கு எண் எழுதிய பானை ஓடுகளை ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்தார். ஓரமாக இருந்த சீப்பைக் கண்டதும் முகம் மலர்ந்து கையில் எடுத்தார்.

"பிரமாதம்! எத்தனை வருஷப் பழசு?"

"எடுத்தவர் அவர்தான். அவரே சொல்லுவார்" என்றார் பேராசிரியர்.

சிவக்கொழுந்துக்கு ரெண்டாயிரம் என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது.

"தெரியாதுங்கய்யா" என்றார். "இந்த ஓடுங்களுக்குச் சொல்ல முடியும். சீப்பை மட்டும் அடுக்கு பார்க்காம நான் உருவிட்டேன். இனிமே யாராலும் சொல்ல முடியாது."

துணைவேந்தர் சீப்பைக் கீழே வைத்தார். பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"அப்படி என்னதாம்மா இங்க சொல்லிக் கொடுக்கறீங்க?"

"இப்ப அவர் சொன்னாரே, அதைத்தான்."