முதலாளி கேட்ட ஒரே வரி

கோயம்புத்தூரில் டிவியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கன்சோல் தயாரித்துவந்தார் தணிகைவேல். திரையில் படம் பளபளவென்று தெரிந்தால் உலகமே வாங்கும் என்பது அவர் நினைப்பு. புது மாடலைக் காட்டிய கூட்டத்தில், "படம் மட்டும் போதாதுங்க சார்" என்றாள், புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தா.

முதலாளிக்குச் சுருக்கென்றது. "அப்ப விளையாடறவங்களுக்கு என்னதான் வேணும்? சாயங்காலத்துக்குள்ள ஒரே வரியில சொல்லு. வெளியாள் யாரையும் கேட்கக் கூடாது, ரகசியம். சொல்லலைன்னா வேலையை மறந்துடு."

"சரிங்க சார். முதல்ல நீங்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க."

அன்று முதலாளியின் மைத்துனர் வேறு வந்திருந்தார். அவரைக் கிரிக்கெட்டில் தோற்கடிக்கும் ஆசையில் முதலாளி கன்சோலை ஆன் செய்தார். அப்டேட் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் கணக்குத் தொடங்கச் சொன்னது. அவர் போட்ட பாஸ்வேர்டு பிடிக்கவில்லை என்றது. அடுத்து விளம்பரம். அது முடிந்ததும் இன்னொரு அப்டேட்.

மைத்துனர் காபியைக் குடித்து முடித்து, "நான் கிளம்பறேன் மாமா" என்று எழுந்தார்.

முதலாளி கண்ட்ரோலரைச் சோபாவில் விட்டெறிந்தார். "அட, ஆன் பண்ணினா உடனே ஆட விட்டுத் தொலைங்களேன்!"

"ஒரே வரி கிடைச்சிடுச்சுங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "வெளியாள் யாரையும் நான் கேட்கலை."