எல்லைக்கல் ஊர்வலம் வந்த கதை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் தும்மல் வந்தாலும் ஊருக்கு ஒரு சட்டம் வந்துவிடுகிற காலத்தில், கோட்டைநல்லூரில் ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் யார் கடைசியாகக் காதில் ஓதினார்களோ அவர் சொன்னதே அவருக்கு வேதம்.

ஒருநாள் சந்தைத் தெருவில் வாடகை மாட்டுவண்டிகள் ஒன்றோடொன்று சிக்கி ராஜாவின் ரதத்தை மறித்துவிட்டன. வெயிலில் வெந்து திரும்பிய ராஜாவிடம் பிரதானி நரசப்பர் குழைந்தார்.

"பிரபு, பக்கத்து மணலூர் வண்டிகளால் வந்த நெரிசல் இது. அந்த ஊர்ச்சபை முத்திரை குத்திய வண்டிக்கு நம் தெருவில் என்ன வேலை?"

கோட்டைநல்லூர் வாடகை வண்டிகள் பூராவும் நரசப்பருடைய மைத்துனருடையவை. அதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்வாரா, கில்லாடி!

மறுநாளே தண்டோரா போட்டாயிற்று. வாடகை வண்டி எந்த ஊர் முத்திரை வாங்கியதோ அந்த ஊர்ப் பக்கத்திலேயே ஓட வேண்டும். ஆளை ஏற்றிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினால் வண்டியும் மாடும் பறிமுதல்.

சட்டத்தைப் பார்த்தா பிரசவ வலி வரும்? மணலூர் பாவாயிக்கு வந்துவிட்டது. மருத்துவச்சி இருப்பதோ கோட்டைநல்லூரில். வண்டிக்கார சீரங்கன் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தான். எல்லைக்கல் பக்கத்தில் காவலர்கள் தடியை நீட்டினார்கள். "இறங்கி உட்காரு. எங்க ஊர் வண்டி வரும், அதில போ."

வெயில் ஏறியதே தவிர வண்டி வரவில்லை. பாவாயி துடித்த துடிப்பைச் சீரங்கனால் பார்க்க முடியவில்லை. "நடக்கிறது நடக்கட்டும்" என்று மாட்டை விரட்டிவிட்டான். ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் வண்டியும் மாடுகளும் அரண்மனைக் கொட்டிலுக்குப் போய்விட்டன. வெள்ளிக்கிழமை ஏலம்.

சீரங்கன் ஓடியது அரசவை விகடகவி கூத்தபிரானிடம். "சாமி, அதுங்க போச்சுன்னா என் வீட்டில உலை ஏறாது. வாங்கறவன் கறிக்கு அனுப்பிட்டா என்ன செய்வேன்?" என்று தேம்பி அழுதான்.

எதற்கும் சிரிக்கிற கூத்தபிரானுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்ணைத் துடைச்சுக்கடா. நாளைக்குத்தானே ஆடி வெள்ளி?" என்று கேட்டுவிட்டு நேரே சபைக்கு நடந்தார்.

"மகாராஜா, ஓர் ஐயம். மணலூர் வண்டி இங்கே வருவது குற்றமா, எல்லைக்கல்லைத் தாண்டுவது குற்றமா?"

நரசப்பர் முந்திக்கொண்டார். "தாண்டுவதுதான் குற்றம்! கல்தான் எல்லை. தாண்டாமல் வர முடிந்தால் வரட்டுமே!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கும் விளையாட்டு பிடித்துவிட்டது. "கூத்தபிரானே, அதே வண்டியையும் மாடுகளையும் மணலூருக்கு அனுப்பி வைக்கிறேன். நாளை உச்சிப்பொழுதுக்குள், கல்லைத் தாண்டாமல், அதில் ஏறி என் வாசலுக்கு வாரும். வந்தால் சட்டம் ரத்து. வராவிட்டால் மாடுகள் ஏலத்துக்குப் போகும். நீரும் இந்தச் சபையை மறந்துவிடலாம்."

மறுநாள் அரண்மனை வாசலில் ராஜாவுக்குப் பக்கத்தில் நரசப்பர் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு ஒன்று மறந்துபோயிற்று. கோட்டைநல்லூரில் எல்லைக்கல் வெறும் கல் இல்லை, சாமி. ஆடி வெள்ளியன்று அதைக் குழியிலிருந்து எடுத்து, மஞ்சள் பூசி, பல்லக்கில் ஏற்றி, ராஜா கையால் மாலை வாங்க அரண்மனைக்குக் கொண்டுவருவது வழக்கம்.

மேளம் கொட்ட, பல்லக்கு வந்தது. அதன் பின்னாலேயே சீரங்கன் ஓட்டி வந்த வண்டி. உள்ளே திண்டில் சாய்ந்து வெற்றிலை மென்றபடி கூத்தபிரான்!

"பிடியுங்கள் அவரை!" என்று குதித்தார் நரசப்பர்.

"எதற்கு? கல் முன்னால் போகிறது, நான் பின்னால் வருகிறேன். சாமியை முந்தாதே என்று இவனிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. காவலரைக் கேளும், தாண்டினேனா?"

கூடவே வந்த காவலர்கள் தலையைச் சொறிந்தார்கள். "தாண்டலைங்க" என்றார் ஒருவர்.

"அடாவடி! எல்லை ஊர்க்கோடியில் இருக்கிறது!"

"ஊர்க்கோடியில் குழிதான் இருக்கிறது. கல்தான் எல்லை என்று நேற்றுச் சொன்னவர் நீரல்லவா?" கூத்தபிரான் ராஜாவை வணங்கினார். "பிரபு, எல்லை இப்போது தங்கள் வாசலில். சந்தைத் தெரு மொத்தமும் மணலூர்ப் பக்கம். அங்கே கோட்டைநல்லூர் முத்திரையோடு ஆள் ஏற்றுகிற பிரதானியின் மைத்துனர் வண்டிகளை எந்தக் கொட்டிலில் கட்டச் சொல்கிறீர்கள்?"

"மைத்துனரா?" ராஜா மெல்லத் திரும்பிப் பார்த்தார். நரசப்பர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

"சட்டம் ரத்து! இனி எந்த ஊர் முத்திரையும் ராஜ்யம் முழுவதும் செல்லும். அச்சாணி உறுதியா, வண்டிக்காரன் நிதானமானவனா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்துங்கள்" என்றார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். மாடுகளுக்குப் பட்டு நெற்றிப்பட்டம் கட்டச் சொன்னார். சீரங்கன் அவற்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட்டான் பாருங்கள் ஒரு பெருமூச்சு! அப்பாடா!

சாயங்காலம் அதே வண்டியில் பாவாயி கைக்குழந்தையோடு மணலூர் திரும்பினாள். சாமி இன்னும் அரண்மனையில்தான். ஊர்க்கோடிக் காவலர் பழக்க தோஷத்தில் தடியை நீட்டினார். "எல்லை, நிறுத்து!"

"எங்கேங்க எல்லை?" என்றான் சீரங்கன்.

காவலர் குழியைப் பார்த்தார், மாட்டின் நெற்றிப்பட்டத்தைப் பார்த்தார், பாவாயி மடியில் கொட்டாவி விட்ட குழந்தையைப் பார்த்தார். தடியைக் கீழே போட்டுவிட்டு, "பள்ளம் இருக்கு, பிள்ளைக்கு அலுங்காம ஓட்டுப்பா" என்றார்.