கொலம்பஸில் முதல் ஆட்டம் யாருக்கு?

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும், ஆனால் வேண்டியது இரண்டு என்று வந்துவிட்டால் மனிதர்களின் குணம் தானாக வெளியே வந்துவிடும். தெய்வானை வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான், அதனால் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள்.

வெள்ளகோவில் பக்கம், நெடுஞ்சாலையோரமாகத் தெய்வானை ஒரு சின்னக் கேளிக்கைப் பூங்கா நடத்திவந்தாள். குடை ராட்டினம் உண்டு, மோதும் கார் உண்டு, முன்னும் பின்னும் வீசி ஆடும் பெரிய கப்பல் ஒன்றும் உண்டு. அந்தக் கப்பலை எல்லாரும் கொலம்பஸ் என்பார்கள். ஆனால் சில வருஷமாகக் கூட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. பக்கத்து விவசாயக் காட்டை வாங்கிப் பிளாட் போட்டவர்கள், வேலிக்கு வெளியே நின்று, "எடத்த எப்பங்க குடுக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்கவும் தொடங்கிவிட்டார்கள். இந்தப் பொங்கலுக்குக் கூட்டம் வராவிட்டால் கொடுத்துத் தொலைத்துவிட வேண்டியதுதான் என்று அவளும் முடிவு கட்டியிருந்தாள்.

விளம்பர வேலை அவள் தம்பி குமரகுருவுடையது. ஆள் சரியான வாயாடி. காங்கேயம் முதல் தாராபுரம் வரை ஒரு சுவர் விடாமல் போஸ்டர் ஒட்டினான்: 'பொங்கலுக்கு வருகிறது, தலைகீழாகச் சுற்றும் ரயில்!' ரயில் வாங்கப் பணமும் ஒருவழியாகச் சேர்ந்தது. முன்பணம் கொடுக்கக் கிளம்பும் சமயத்தில்தான் மும்தாஜ் வந்தாள்.

மும்தாஜ் கோயம்புத்தூர்க்காரி, வருஷாவருஷம் ராட்டினங்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பொறியாளர். கொலம்பஸ் தொங்கும் அச்சில் சிவப்பு மை தடவி, துடைத்துவிட்டுப் பார்த்தாள். துடைத்த இடத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மட்டும் அழியாமல் நின்றது. விரிசல்.

"பொங்கல் வரைக்கும் தாங்குமா கண்ணு?" என்று தெய்வானை கேட்டாள்.

"தாங்கலாம், தாங்காமயும் போலாம். நான் கையெழுத்துப் போட மாட்டேங்க மேடம்."

புது அச்சுப் போட்டால் ரயிலுக்கு வைத்த பணம் அப்படியே கரைந்துவிடும். குமரகுரு குதித்தான். "கப்பல மூடி வெச்சுட்டு ரயில வாங்கிரலாக்கா. ஊரெல்லாம் ஒட்டியாச்சு. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்ல!" அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விரிசல் விட்ட கப்பலை ஓட்டு என்று அவன் சொல்லவில்லையே.

தெய்வானை ஒரு நாள் முழுக்க யோசித்தாள். "ரயில்ல எளந்தாரிப் பசங்க ஏறுவாங்க, கூட வந்தவங்கெல்லாம் பையத் தூக்கிட்டுக் கீழ நிப்பாங்க. கப்பல்ல குடும்பமே ஏறுது. பணம் கப்பலுக்குத்தான்," என்றாள்.

"அப்படின்னா சத்தமில்லாம மாத்திட்டு, புதுப் பெயின்ட் அடிச்சு, புதுக் கப்பல்னு சொல்லிருங்க. எல்லா ஊர்லயும் அதுதாங்க வழக்கம்," என்றாள் மும்தாஜ்.

தெய்வானைக்கு அதுவும் ஒப்பவில்லை. பழைய அச்சைக் கழற்றி, கப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரு மேடை கட்டி அதன்மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பலகை: 'சொன்ன ரயிலை வாங்கவில்லை. அந்தப் பணத்தில் கப்பலுக்குப் புது அச்சுப் போட்டோம். விரிசல் விட்ட பழைய அச்சு இதுதான்.'

குமரகுருவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இதப் பாத்துப்போட்டு எவனாச்சும் கப்பல்ல ஏறுவானா? பிளாட்டுக்காரனுக்கு நீயே வெத்தல பாக்கு வெக்கற!" என்று கத்திவிட்டுப் போனவன், பொங்கல் வரை அக்காவோடு பேசவே இல்லை.

பொங்கலன்று காலையில் வேன் வேனாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். எல்லார் வாயிலும் ரயில்தான். பார்த்தால், வாசலில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் குமரகுரு நிற்கிறான். வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்தி, "ரயில் இல்லீங்க. போஸ்டர் ஒட்டுனது நாந்தான். பணம் கப்பலச் சரிபண்ணப் போயிருச்சு. அப்பறம் உங்க இஷ்டமுங்க," என்கிறான். சிலர் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். ஒரு வேன் அப்படியே திரும்பியும் போய்விட்டது. தெய்வானை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பழி தீர்க்கத்தான் அங்கே நிற்கிறானோ என்றுகூட நினைத்தாள்.

ஆனால் திரும்பிப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள், "அந்த அச்சு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்கள். "நல்லவேளை, ஆள் ஏறும்போது போகல," என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் உச்சுக் கொட்டினார்கள். ஒரு பெண்மணி அச்சுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். யாரோ எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்கள். கப்பலுக்கு நின்ற வரிசை மோதும் கார் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை போயிற்று. தெய்வானைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பிளாட்டுக்காரர்கள் இனி வேறு காடு பார்த்துக்கொள்ளட்டும்!

அந்தப் பூங்காவில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆட்டமோ, பழுது பார்த்த ஆட்டமோ, பூசணிக்காய் சுற்றி உடைத்த பிறகு, அந்த ஆட்டம் நல்லபடியாகத் தொடங்கக் காரணமானவர் முதலில் தனியாக ஏறி ஒரு சுற்று ஆடிவிட்டு வரவேண்டும். வேலையாட்கள் தெய்வானையைக் கூப்பிட்டார்கள். ஒரு காலைப் படியில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விரிசலைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட மறுத்தவள் மும்தாஜ். பணத்தைக் கப்பலுக்குப் போட்டு, அச்சை ஊரறிய வைத்தவள் தெய்வானை. வாசலில் நின்று வசவு வாங்கியவன் குமரகுரு.

இவர்களில் யார் செய்தது மிகச் சரி? முதல் ஆட்டம் யாருக்குச் சேரவேண்டும்?

விடை: குமரகுருவுக்குத்தான். மும்தாஜ் தன் வேலையில் குறை வைக்கவில்லை, ஆனால் மறைக்க யோசனை சொன்னாள். தெய்வானை பணத்தைச் சரியான இடத்தில்தான் போட்டாள், உண்மையையும் எழுதி வைத்தாள். எங்கே வைத்தாள்? கப்பலுக்குப் பக்கத்தில். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள்தான் அதைப் படிக்க முடியும். காசு வாங்கிய பிறகு சொல்கிற உண்மை அது. அந்த ஏற்பாடே பிடிக்காத குமரகுருதான், காசு வாங்குவதற்கு முன்னால் உண்மையைச் சொன்னான். படியில் நின்றபோது தெய்வானைக்கு உறைத்தது இதுதான். காலைக் கீழே எடுத்துவைத்து, "டேய் குமரு, வந்து ஏறு," என்றாள். "எனக்குத் தல சுத்துமேக்கா!" என்றான். "சுத்தட்டும், ஏறு." கப்பல் ஒரு வீச்சு மேலே போவதற்குள் அவன் போட்ட கூச்சலில் வரிசை மொத்தமும் வாய்விட்டுச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவன் அக்காதான்.