வராதவர் கல்

கருமடுவில் அந்தக் கோடையில் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆமை கல்லாத்தா கரை மண்ணைத் தோண்டி, தன் முட்டைகளை உள்ளே வைத்து மூடிவிட்டு, முதல் மழைக்காகக் காத்திருந்தது. மழை விழுந்தால் மண் இளகும், குஞ்சுகள் வெளியே வரும். அதைத் தவிர அதற்கு வேறு ஆசையே கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி தெத்தனுக்கு ஒரு யோசனை வந்தது. கோரைப்பற்கள் துருத்திக்கொண்டிருந்ததால் அதற்கு அந்தப் பெயர்.

"மடுக்கரையை உடைச்சு விடுவோம்! தண்ணி கீழே கிழங்குக் காட்டுக்கு ஓடட்டும். மண்ணு இளகினா பல்லு நோகாம கிழங்கு தோண்டலாம். மழை வந்தா மடு தானா நிறைஞ்சுட்டுப் போகுது!"

யாரும் தன் இஷ்டத்துக்கு உடைத்துவிட முடியாது. சபை கூட வேண்டும். சபை கூடுவது வழுக்குப்பாறையின் உச்சியில். எந்தக் காலத்திலோ ஒரு பெருவெள்ளத்துக்குப் பயந்து எல்லாரும் அங்கே ஏறி ஒண்டியபோது முதல் சபை நடந்ததாம். வெள்ளம் வடிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சபை மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை!

வேண்டும் என்பவர்கள் பாறையின் கிழக்கே ஒரு கூழாங்கல் போட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் மேற்கே போட வேண்டும். வராதவர்கள்? அவர்கள் பேரைச் சொல்லி, சபைத் தலைவரே கிழக்கே ஒரு கல் போட்டுவிடுவார். மறுப்பு இருந்தால் வந்திருப்பார்களே என்று அதற்கு ஒரு சமாதானம். இதற்கு 'வராதவர் கல்' என்று பெயர். என்ன நியாயம் பாருங்கள்!

விரால் மீன் வடிவு தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது.

"கல்லாத்தாக்கா, கரையை உடைச்சா எங்க கதி என்ன? பாறைக்குப் போய்ச் சொல்லலாம்னா, போய்ச் சேர்றதுக்குள்ள நாங்க கருவாடு!"

"அழாதே வடிவு. சபையைக் கீழே இறக்கச் சொல்லிக் கேக்கறேன்."

"அப்படியே எல்லார்கிட்டயும் மேற்கே கல்லு போடச் சொல்லுக்கா! உன் முட்டையும் இந்தக் கரையிலதானே இருக்கு!"

கல்லாத்தா முட்டைகளை மூடியிருந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தது.

"அது மட்டும் முடியாது. எந்தப் பக்கம் போடணும்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவங்கவங்க கல்லு அவங்கவங்க வாயாலே விழணும். அதுக்கப்புறம் நான் தோத்தா, தோத்ததுதான்."

சபைத் தலைவர் சடையாண்டி என்கிற குரங்கு. அத்திமரக் கிளையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அது பழம் தின்றுகொண்டிருந்தது.

"ஐயா, இந்தத் தடவை சபையை மடுவோரமா வைக்கணும்" என்றது கல்லாத்தா. "மீனுங்க தண்ணியிலேருந்தே கல்லைத் துப்பிடும். கண்ணியில கால் போன மானும் நடந்து வந்துடும்."

"பாறை எல்லாருக்கும் பொதுதானே! ஏறக்கூடாதுன்னு நான் யாரையாவது தடுத்தேனா?"

"நீங்க தடுக்கலை ஐயா. பாறை தடுக்குது."

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. பழக்கொட்டையைத் துப்பிவிட்டு, "வழக்கத்தை உனக்காக மாத்த முடியாது. போய் வேலையைப் பாரு!" என்றது.

கல்லாத்தா தெத்தனிடமே போனது. பகையாளியிடம் போய் நிற்க அதற்கு வெட்கமில்லை.

"தெத்தா, உன் அம்மாவுக்கும் பாறை ஏற முடியாதே. கண்ணு தெரியாம அந்தப் பள்ளத்துல கிடக்கு. சபை கீழே வந்தா அதுவும் வரும். நீ ஒரு வார்த்தை சொன்னா சடையாண்டி கேக்கும்."

"எங்க அம்மா என் பக்கம்தான்! இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"கேட்டுப் பாத்தியா?"

"பெத்த அம்மாகிட்டே எவனாவது இதையெல்லாம் கேப்பானா? போ போ!"

தெத்தனின் அம்மா பெயர் குருந்தாயி. கிழங்குக் காட்டுக்குப் போகிற வழியில் ஒரு பள்ளம். அதில்தான் அந்தக் கிழப் பன்றி படுத்திருந்தது. மகன் கொண்டுவந்து போட்டால் தின்னும், இல்லாவிட்டால் பட்டினி. கல்லாத்தா பள்ளத்தின் விளிம்பில் நின்று நடந்ததைச் சொன்னது. குருந்தாயி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது.

"எனக்குக்கூட ஒரு கல்லு உண்டா?" என்று கேட்டது.

"ஏன் இல்லாம? பிறந்த எல்லாருக்கும் உண்டு."

"கண்ணு போனதிலேருந்து என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேட்டதில்லை, ஆத்தா. தின்னியான்னு கேப்பான். அதோட சரி."

கிழவி மூக்கால் மண்ணைத் துழாவி, உருண்டையாக ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டது. சபை கீழே இறங்கினால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று கல்லோடேயே குழறிக் குழறிச் சொன்னது.

சபை கீழே இறங்கவில்லை.

கல்லாத்தா முந்தின நாளே கல்லைக் கவ்விக்கொண்டு பாறையில் ஏறத் தொடங்கியது. பாறை கொதித்தது. பாதி தூரம் ஏறும், சறுக்கும். மறுபடி ஏறும். அடிவயிற்று ஓடு தேய்ந்தது, நகங்கள் பிய்ந்து ரத்தம் வந்தது. ஒரு வழியாக அது உச்சியில் தலையைக் காட்டியபோது சபை நடந்துகொண்டிருந்தது. சடையாண்டி துள்ளிக் குதித்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! ஆமையே ஏறிடுச்சு! இனிமே பாறை உசரம்னு எவனாவது வாயைத் திறப்பானா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தன் ரத்தத்தையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்களே என்று கல்லாத்தா கூசிப்போனது. மேற்கே போய்த் தன் கல்லைப் போட்டது.

அப்போதுதான் அது கவனித்தது. மேற்குக் குவியல் கிழக்கைவிடப் பெரிதாக இருந்தது! முயல்களும் மான்களும் மயில்களும் தாகத்துக்குப் பயந்து வேண்டாம் என்றே போட்டிருந்தன. கல்லாத்தாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"இருங்க, இருங்க! வராதவர் கல்லு பாக்கி இருக்கு" என்றது சடையாண்டி.

அது கைநிறையக் கூழாங்கற்களை அள்ளிக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கிழக்கே போட்டது. "விராலுக்கு ஒண்ணு. கெண்டைக்கு ஒண்ணு. நத்தைக்கு ஒண்ணு. நொண்டி மானுக்கு ஒண்ணு. குருந்தாயிக்கு ஒண்ணு."

அம்மா பெயர் வந்ததும் தெத்தன் பெருமையாகத் தலையாட்டியது.

"நிறுத்துங்க!" என்று கத்தியது கல்லாத்தா. "அவங்க வராதவங்க இல்லை, வர முடியாதவங்க! ரெண்டும் ஒண்ணா? கீழே கிடந்து கதறுறவங்க பேரிலேயே அவங்க சாவுக்குக் கல்லு போடுறீங்களே, இது அடுக்குமா?"

"வந்தாங்களா, வரலையா? அதை மட்டும் சொல்லு!"

மேற்கே கல் போட்ட மான்கள் தலையைக் குனிந்துகொண்டன. வழக்கம்தானே, நாம் என்ன செய்ய முடியும் என்று ஒரு முயல் முனகியது. கிழக்குக் குவியல் ஓங்கி நின்றது.

பன்றிகளுக்குத் தலைகால் புரியவில்லை. கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கரையில் கொம்பு பாய்ச்சுவதுபோல் பற்களைப் பாய்ச்சின. தண்ணீர் சிறு வாய்க்காலாக மெல்ல இறங்கும், அதற்குள் அம்மாவை மேட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றுதான் தெத்தன் நினைத்திருந்தது. ஆனால் காய்ந்து வெடித்திருந்த கரை ஒரே மூச்சில் பிளந்தது. மடு முழுவதும் சேறும் கல்லுமாக இரைந்துகொண்டு சரிவில் பாய்ந்தது. அது முதலில் நிரப்பியது அந்தப் பள்ளத்தைத்தான்.

"அம்மா! அம்மா!"

தெத்தன் தண்ணீரின் பின்னாலேயே ஓடியது. பதில் இல்லை.

கல்லாத்தா பாறையிலிருந்து உருண்டு புரண்டு இறங்கி வந்தபோது, கரை இருந்த இடத்தில் கரை இல்லை. முட்டைகள் இருந்த மண்ணும் இல்லை. மடுவின் அடிச்சேற்றில் மீன்கள் துடித்தன. வடிவு வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. கல்லாத்தா அதன் பக்கத்திலேயே அது அடங்கும் வரை இருந்தது. காக்கைகள் வந்து இறங்கின. சடையாண்டி அத்திமரத்தில்தான் இருந்தது. அதன் வாலில் ஒரு துளி சேறு ஒட்டவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு தெத்தன் பள்ளத்தைத் தோண்டித் தன் அம்மாவை வெளியே இழுத்தது. சேற்றைத் துடைத்தபோது கிழவியின் வாயிலிருந்து ஒரு கூழாங்கல் உருண்டு விழுந்தது. தெத்தன் அதை மூக்கால் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

"இது என்னது?"

"அம்மாவோட கல்லு. சபை கீழே வரும்னு காத்துக்கிட்டிருந்தா" என்றது கல்லாத்தா.

தெத்தன் அந்தக் கல்லைக் கல்லாத்தாவின் முன்னால் தள்ளியது. "எந்தப் பக்கம் போட்டிருப்பா? சொல்லு கல்லாத்தா! எங்க அம்மா எந்தப் பக்கம் போட்டிருப்பா?"

"எனக்குத் தெரியாது. நான் கேக்கலை, அது அவ கல்லு. கேட்டிருக்க வேண்டியவன் நீ."

மழை வந்தது. உடைந்த கரை வழியாகத் தண்ணீர் தங்காமல் ஓடிவிட்டது. அடுத்த கோடையில் காட்டில் எல்லாருக்கும் நாக்கு வறண்டது. கிழங்குக் காட்டிலும் மண் இறுகிக் கிடந்தது. தெத்தன் பாறை உச்சியிலிருந்த கற்களை மூக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் கீழே உருட்டி, சபையை மடுவோரம் கொண்டுவந்து வைத்தது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை, சடையாண்டிகூட வாயைத் திறக்கவில்லை. நொண்டி மான் நடந்து வந்து தன் கல்லைத் தானே போட்டது.

மடுவுக்குள்ளிருந்து யாராவது கல் போடுவார்கள் என்று கல்லாத்தா பார்த்துக்கொண்டே இருந்தது. வெடித்துக் கிடந்த மடுவில் கல் போட ஒரு மீனும் மிச்சமில்லை.

வர முடியாதவர்களை வராதவர்கள் என்று தள்ளிவிட்டு எடுக்கிற முடிவு, எடுத்தவர்களின் வீட்டையும் விட்டுவைக்காது.