கீறல் விழுந்த கண்ணாடி

அலை நிற்கவில்லை. சவரிமுத்துவுக்குத் தீராத தலைவலி அதுதான்.

பாலிடெக்னிக்கில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர் சவரிமுத்து. அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை நப்பின்னை வயதில் இளையவர். இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார். யார் குரு, யார் சீடர் என்று ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் திண்டாடுவார்கள்.

கூடத்தில் ஒரு காற்றுச் சுரங்கம், காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சோதிக்கும் நீண்ட குழாய். அதற்குள் குறுக்கே ஓர் இரும்பு உருளை. ஒலியைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் காற்று வந்து அதன்மேல் பாயும். வளைவில் ஏறும்போது ஒலியை முந்திவிடும். முந்திய காற்று சட்டென்று வேகம் இழக்கும் இடத்தில், கண்ணாடிச் சன்னல் வழியே ஒளி பாய்ச்சி எடுக்கும் படத்தில் ஒரு கோடு விழும். அதிர்ச்சி அலை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும் சவரிமுத்து. நின்றால்தானே சொல்ல? முன்னே வருகிறது, பின்னே போகிறது.

உருளையைக் கழற்றி மாட்டினார். திருகுகளை இறுக்கினார். எதற்கும் மசியவில்லை. பாலிடெக்னிக்கில் வாங்கிவந்த விடுப்போ முடியப்போகிறது. ஒருநாள் காலை, கூடத்துச் சாவியைக் கொண்டுவந்து நப்பின்னையின் மேசையில் வைத்துவிட்டார். எவ்வளவு ஆசையோடு வந்த மனுஷன்.

“என்னால முடியல மேடம். அது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.”

நப்பின்னை சாவியைத் தொடவில்லை. கதவு வரைக்கும் நடந்து போகச் சொன்னார். எதற்கென்று புரியாமலே சவரிமுத்து நடந்தார். நப்பின்னை ஓர் அட்டையை நீட்டி, அவருடைய இடது காலை மறைத்துக்கொண்டு பார்த்தார்.

“உங்க வலது கால்ல ஏதோ கோளாறு சார். முன்னே போகுது, பின்னே வருது. ஒரு இடத்துல நிக்கல.”

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நின்னா எப்படி மேடம் நடக்கறது? இன்னொரு காலையும் பாருங்க.”

நப்பின்னை எழுந்து, கூடத்தைத் திறக்கச் சொன்னார். சவரிமுத்து சாவியைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

சுரங்கத்தின் கண்ணாடிச் சன்னலில் கீழ்ப்பாதியைக் கறுப்புத் தாள் மூடியிருந்தது. ஒட்டியவர் சவரிமுத்துதான். அங்கே ஒரு கீறல், வெளிச்சம் பட்டால் கூசும், படம் கெடும். உருளைக்கு மேலென்ன கீழென்ன, இரண்டும் ஒன்றுதானே என்று கெட்டிக்காரத்தனமாக மூடியிருந்தார். நப்பின்னை சன்னலருகே போய்ச் சும்மா நின்றார். சற்று நேரம் அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்த சவரிமுத்து, தாமே அதை உரித்தார்.

காற்றைப் பாய்ச்சி, வேகக் கேமரா பிடித்ததை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். கீறல் கூசத்தான் செய்தது. ஆனால் கீழேயும் ஒரு கோடு இருந்தது. மேல்கோடு முன்னே வந்தபோதெல்லாம் அது பின்னே போனது. அது முன்னே வந்தபோதெல்லாம் மேல்கோடு பின்வாங்கியது. உருளைக்குப் பின்னால் சுழித்துக் கலங்கிய காற்று, அதே தாளத்தில் மேலும் கீழுமாக வாலாட்டிக்கொண்டு போனது.

சவரிமுத்துவுக்குச் சந்தோஷம் பொங்கியது. அடுத்த நொடியே பழைய படங்கள் நினைவுக்கு வந்தன.

“அப்ப இத்தனை மாசமா நான் எடுத்த படமெல்லாம் தப்பா மேடம்?”

“தப்பில்ல சார், பாதி. சாவி உங்க கையிலதான் இருக்கு.”