நண்டு ஓடு கழற்றிய கதை

அந்தக் காலத்தில் நண்டு ஒளிந்து வாழவில்லை. மலையாற்றுப் பாறைமேல் பட்டப்பகலில் உட்கார்ந்து, தண்ணீர் எடுக்க வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருக்கும். மீனும் தவளையும்கூடப் பேசின. ஆனால் அவை ஓயாமல் வளவளக்கும். நண்டு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

அந்த ஆற்றங்கரைச் சிற்றூரில் ரங்கி என்றொருத்தி, புருஷன் காடனோடும் சின்ன மகள் கெம்பியோடும் இருந்தாள். ஒரு கோடையில் காடனும் ஊர் ஆண்களும் ஆறு பிறக்கும் இடத்துக்கு ஏறிப்போய், அங்கிருந்த கரும்பாறையைப் பிளந்தார்கள். அதன் உட்புறம் மஞ்சளாக மின்னும். அந்தக் கற்களைக் கோயிலைச் சுற்றி நட வேண்டும் என்பது ஊர்த்தலைவர் கோஞ்சன் மூப்பரின் ஆசை. வேண்டியதைச் சுமந்து வந்தார்கள். பிளந்த பாறை வாயைத் திறந்தபடி அங்கேயே கிடந்தது.

மழை பிடித்தது. மழை நாளில் ஆறு கலங்கி வருவதுதான் வழக்கம். அந்த வருஷம் அது தெளிந்து வந்தது. ஆளுயர மடுவில் அடிக் கூழாங்கல் வரைக்கும் தெரிந்தது. சாமிக்கு மனம் குளிர்ந்துவிட்டது என்று சொல்லி, பொங்கல் வைக்க நாள் குறித்தார் மூப்பர்.

ரங்கிக்கு அந்தத் தெளிவைப் பார்க்க என்னவோ போலிருந்தது. ஏனென்று புரியவில்லை. பொங்கலன்று காலை குடத்தோடு கரையில் நின்றபோதுதான் உறைத்தது. தவளைச் சத்தம் இல்லை. கல்லில் பாசி இல்லை. மீன்கொத்தி உட்காரும் கிளையில் எதுவும் இல்லை. ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். நாக்கில் என்றைக்கும் இல்லாத புளிப்பு ஏறி, பல் கூசியது. கரையோரக் கற்களில் துரு மாதிரி சிவப்பு படிந்திருந்தது. ஆற்றின் வளைவு வரை நடந்தாள். அங்கே மீன்கள் வயிறு மேலே தெரிய, ஒன்றையொன்று இடித்தபடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.

குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கெம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்துக் குடிசைக் குழந்தை முந்தின நாள் இப்படித்தான் சுருண்டது, சாயங்காலம் மூச்சு அடங்கிவிட்டது.

"தண்ணிதான் மாமா," என்றாள் காடனிடம். "அதுல என்னமோ இருக்கு."

"கண்ணாடியாட்டம் ஓடுது. அதுல என்ன இருக்கப் போவுது? மூப்பர் காதுல விழுந்தா சாமிக்குத்தம்பாரு. பேசாம இரு."

வாசலில் சரசரவென்று சத்தம் கேட்டது. நண்டு. ஆற்றிலிருந்து நடந்தே வந்திருந்தது.

"ஆத்துல இருக்க முடியல தாயி. ஒடம்பெல்லாம் எரியுது. என்னை மேற்கால ஓடையில கொண்டுபோயி விட்டுடு. அங்க தண்ணி சுண்ணாம்புக்கல்லு மேல வருது. நல்லாருக்கு."

"ஆத்துக்கு என்ன ஆச்சு?"

"பொளந்த பாறைக்குள்ள மழை எறங்கி வருது. அந்தத் தண்ணி என் ஓட்டைக் கரைக்குது. உங்க வயித்தையும் அறுக்கும்."

ரங்கி அதை முந்தானையில் எடுத்துக்கொண்டாள். ஓடைக்குத்தான் போகிறாள் என்று நண்டு நம்பியது. அவள் கோயிலுக்குப் போனாள். ஆற்றுத் தண்ணீர் நிறைந்த பானை படையலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் சுரைக்குடுவையை நீட்டி நின்றார்கள்.

"குடிக்காதீங்க," என்றாள் ரங்கி. நண்டு சொன்னதைச் சொன்னாள்.

மூப்பர் முகம் சுளித்தார். "நண்டு பேச்சைக் கேட்டு, சாமி குடுத்த தண்ணிய வேண்டாங்கிறதா? தள்ளி நில்லு."

ரங்கி முந்தானையை அவிழ்த்து நண்டைப் பானைக்குள் போட்டாள்.

"ரங்கி, வேண்டாம்," என்றது நண்டு.

அவள் மூடியை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். உள்ளே கொடுக்குகள் பானையைச் சுரண்டின. அந்தச் சத்தம் கூட்டம் முழுவதற்கும் கேட்டது. அவள் கையை எடுக்கவில்லை. பிள்ளைகளின் குடுவைகள் தாமாகவே கீழே இறங்கின. சுரண்டல் மெலிந்து மெலிந்து நின்றபோது மூடியைத் திறந்தாள்.

நண்டின் ஓடு தனியாகக் கழன்று கிடந்தது. பக்கத்தில் வெளிறிய சதைத் துண்டாக, அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சு போல, அது துடித்துக்கொண்டிருந்தது. மூப்பர் விரலால் ஓட்டைத் தொட்டார். நனைந்த சருகில் இறங்குவதுபோல விரல் உள்ளே இறங்கியது. கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்.

பொழுது சாய்வதற்குள் ஊரே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கு ஓடைக்கு நடந்தது. கெம்பி அந்தத் தண்ணீரைக் குடித்தாள், வாந்தியெடுத்தாள், மறுபடி குடித்தாள், பிழைத்தாள். சில பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஆண்கள் மேலே ஏறி, பிளந்த பாறையைக் களிமண்ணால் அடைத்தார்கள். மண்கூடையை மூப்பரும் சுமந்தார். அந்தப் புளித்த நீரில் நனைந்து காடனின் கைத்தோல் உரிந்தது.

அன்று ஓடையை அடைந்ததும் ரங்கி நண்டை உள்ளங்கையில் ஏந்தி நீரில் இறங்கினாள். குளிர்ந்த நீர் பட்டதும் அது லேசாக அசைந்தது.

"எம் பிள்ளை செத்துக்கிட்டு இருந்துச்சு," என்றாள்.

"தெரியும். அதனால நீ செஞ்சதைத் தப்புன்னு சொல்லல." நண்டின் குரல் மெலிந்து, காதில் விழுவதே அரிதாக இருந்தது. "ஆனா உன் கையைப் பாத்தா எனக்கு நடுங்குது. இனிமே எங்க சாதியில யாரும் உங்க கண்ணு முன்னால வர மாட்டோம். பேசவும் மாட்டோம்."

"அப்ப தண்ணி நல்லாருக்கான்னு எங்களுக்கு யாரு சொல்லுவா?"

நண்டு அருகிலிருந்த கல்லின் பக்கம் திரும்பியது.

"கல்லைப் பொரட்டிப் பாரு. நாங்க இருந்தா குடி. இல்லேன்னா பிள்ளையைத் தூக்கிட்டு ஓடு."

சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்து நழுவி ஒரு கல்லுக்கடியில் புகுந்துகொண்டது. மனிதர்களிடம் நண்டு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வளரும்போதெல்லாம் நண்டு ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புது ஓடு இறுகும்வரை கல்லுக்கடியில் பயந்து கிடப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். மலைக்காரர்கள் புது ஓடையில் வாய் வைக்குமுன் ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பதும், நண்டைக் கண்டால் தொடாமல் கல்லை மெல்ல அதே இடத்தில் வைத்துவிட்டுக் குடிப்பதும், நண்டு இல்லாத ஆறு எத்தனை தெளிந்து ஓடினாலும் பிள்ளைகளை அதன் பக்கம் விடாததும் அன்று முதல்தான்.