புழுதி விதைப்பு

“சாமி, என் மக என்கிட்டப் பேசி ரெண்டு வருசம் ஆச்சு. நானாப் போகணுமா, அவ கூப்பிடுற வரைக்கும் இருக்கணுமா?”

கேட்டவர் வெயிலுகந்தான். வயது அறுபத்தொன்று. புளியங்குடிப் பக்கம் செவக்காட்டு விவசாயி. சிவப்பு மண்ணில் பிறந்து வளர்ந்தவர்.

மகள் முத்துச்செல்வி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். இவர் பேச்சை நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். ஐப்பசி பத்தாம் தேதி கோவில்பட்டியில் வளைகாப்பு. சேதி மனைவி காதுக்கு வந்தது. இவரை யாரும் கூப்பிடவில்லை. மனைவியையும் போகக்கூடாது என்று தடுத்தார். அப்புறம் வீட்டில் அழுகைச் சத்தம் பொறுக்காமல் கரிசல் பக்கம் இருக்கிற இந்தச் சாமியின் மடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

சாமிக்கு வயது முப்பத்திரண்டு. வெயிலுகந்தானின் மூத்த மகனைவிடச் சின்னவர்.

“அண்ணாச்சி, உங்களுக்கு விதைப்புத் தெரியுமா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க! நாப்பது வருசமா வேற என்ன செய்றேன்?”

சாமி உள்ளே போய் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கம்பு விதை கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“கீழக்காட்டை விதைச்சிட்டு வாங்க. பிறகு பேசுவோம்.”

கீழக்காடு கரிசல், கறுப்பு மண். மடத்துக்கு வருசம் முழுக்கக் கூழ் ஊற்றுவது அந்த ஆறு ஏக்கர்தான்.

வெயிலுகந்தான் போய் ஒரு பிடி மண் அள்ளிப் பார்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. வானத்தைப் பார்த்தார். பொட்டு மேகம் இல்லை. பெட்டியை வேப்பங்கிளையில் தொங்கவிட்டு நிழலில் சாய்ந்தார்.

பக்கத்துக் காட்டுச் சீனியம்மா உழுத சாலில் கம்பு தூவிக்கொண்டு போனாள்.

“என்ன அண்ணாச்சி, மரத்துக்குக் காவலா?”

“மழை விழட்டும் தாயி. ஈரம் பாத்துத்தான் நான் விதை எடுப்பேன்.”

“மழை விழுந்தா இந்தக் காட்டுல யாரு இறங்குவா?”

“காஞ்ச புழுதியில போட்டா எறும்புதான் திங்கும்.”

“எறும்புக்கும் சேத்துத்தான் போடுறோம்,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பிடித்த முயலுக்கு மூன்று கால். ஒன்பது நாள் அந்த வேப்பமரத்தடியிலேயே கழிந்தது. சாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் மழை இறங்கியது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது.

மழை வெறித்ததும் வெயிலுகந்தான் உற்சாகமாக ஏர் பூட்டிக்கொண்டு போனார். கரிசலில் வைத்த கால் உள்ளே போயிற்று. பிடுங்கினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. அடுத்த எட்டில் காலோடு ஒரு கூடை மண் ஒட்டிக்கொண்டு வந்தது. மாடுகள் நாலு எட்டு வைத்து நின்றுவிட்டன.

“எங்க செவக்காட்டுல மழை விட்ட மறுநாளே உழுதுருவோமே!” என்றார். மாட்டைத் தவிர கேட்க ஆள் இல்லை.

மறுபடி மழை. மறுபடி சேறு.

சீனியம்மா காட்டில் கம்பு முளைத்துப் பச்சைக் கோடு கோடாகத் தெரிந்தது.

வளைகாப்பு நாளான ஐப்பசி பத்தாம் தேதியும் வரப்பிலேயே போயிற்று. அன்று அவர் செல்போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாரோ. அது அடிக்கவே இல்லை.

பதினாறாம் தேதிதான் காட்டில் கால் நின்றது. சீனியம்மாவின் கம்பு அப்போது சாண் உயரம்.

“இனிமே போட்டா வராதா தாயி?”

“வெறும் தட்டைதான் வளரும். பனியில மணி பிடிக்காது.”

வெயிலுகந்தான் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து சாமி முன்னால் வைத்தார். விதை அப்படியே இருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“மடத்துச் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேன் சாமி. எங்க ஊர்ல ஈரத்துலதான் விதைப்போம்.”

“உங்க மண்ணுக்கு அது சரிதான்.”

“இந்த மண்ணு இப்படின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சீனியம்மா சொல்லலையா?”

வெயிலுகந்தான் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி விதையை அள்ளினார்.

“கம்பு போச்சு,” என்றார்.

“போனது போனதுதான்.”

“வளைகாப்பும் போச்சு.”

சாமி உள்ளே போய் இன்னொரு பெட்டி எடுத்து வந்தார். அதில் கொத்தமல்லி விதை இருந்தது.

“கரிசல் குடிச்ச தண்ணியை லேசுல விடாது அண்ணாச்சி. இனி மழையே வேண்டாம். இருக்கிற ஈரத்துலயும் பனியிலயும் மல்லி விளைஞ்சிரும்.”

வெயிலுகந்தான் பெட்டியை வாங்கக் கை நீட்டவில்லை.

“தலைப்பிரசவம் அப்பன் வீட்டுலதானே சாமி?”

“மல்லியை நான் விதைச்சுக்கிடுதேன். நீங்க கிளம்புங்க.”

மறுநாள் காலை கோவில்பட்டியில் முத்துச்செல்வி கதவைத் திறந்தாள். வயிற்றில் கை வைத்தபடி வாசலை மறித்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“யாரு கூப்பிட்டா உங்களை?”

“யாரும் கூப்பிடல தாயி. அம்மா வண்டியில இருக்கா.”